கேள்விக் கொம்பு

ஒன்பதாம் அத்தியாயம்

சாலைக் கடைத்தெருவிலிருந்து எலிசாள் அந்தக் கொம்பைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு போன வாரம் நின்றோம். அன்று வெள்ளிக்கிழமை. அவள் வந்து சேர்வதற்குள் மாமனார் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

"விடிஞ்சதும் கொடுப்போம் மைனி. முகம் எப்படி ஆவுதுன்னு பாக்கணும்" என்றாள் எலிசாள், நாத்தனார் செல்லபாயிடம். சொல்லிவிட்டு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரித் தூங்கிப்போனாள்.

செல்லபாய்தான் தூங்கவில்லை.

அந்த வீட்டில் அவர்கள் மூன்று பேர். தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிப் போகிற சந்தில், வண்டி வரும்போதெல்லாம் ஓடுகள் நடுங்குகிற வீடு. வீட்டுக்காரர் ஞானசிகாமணி மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். மலைச்சாலைகளுக்குப் பாறை வெடித்து வெடித்தே காதைத் தொலைத்தவர். மூத்த மகள் செல்லபாய், பள்ளிக்கூட டீச்சர், கல்யாணமாகாதவள். மகன் ராஜையன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் மனைவிதான் எலிசாள்.

ராஜையனோடு வேலை பார்த்த திரவியம் மட்டும் கால்நடையாகவே பர்மாவைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்திருந்தான். "ரங்கூன்ல கூட்டத்துல பிரிஞ்சு போனோம். அவன் வேற கூட்டத்தோட வந்திருப்பான்" என்று வீட்டில் சொன்னான்.

செல்லபாயிடம் சொன்னது வேறு. ஆராதனை முடிந்து கோயில் வளவில் அவளைத் தனியாக நிறுத்தி, ராஜையன் மலைப்பாதையில் காய்ச்சலில் இறந்துபோனான் என்றும், தன் கையாலேயே புதைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னான். அப்போது ஞானசிகாமணி நெஞ்சுச் சளியில் படுத்திருந்தார். அவர் எழுந்து நடமாடட்டும், பிறகு சொல்லலாம் என்றாள் செல்லபாய். அவர் எழுந்தார். மழைக்காலம் போயிற்று. கிறிஸ்மஸ் வந்தது, போனது. நாள் போகப் போக, அதைச் சொல்வது மட்டும் அல்ல, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று இப்போது அவளைப் பிடித்திருந்தது. அப்பாவுக்குக் காது கேட்கப் போகிறது.

* * *

சனிக்கிழமை காலை. காப்பி குடித்த கையோடு ஞானசிகாமணி ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எலிசாள் துணியைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. வெயிலில் தூக்கிப் பார்த்தார். கறுப்பு, அதற்குள் தேன் நிறக் கோடுகள். வாயோரம் வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாகச் சுரண்டியிருந்தது. அகன்ற வாய், வளைந்த உடம்பு, காதில் பொருந்துகிற மாதிரி உருட்டிய சின்ன நுனி. அவர் விரல் வளைவின் உட்பக்கம் தடவிப் போய் ஒரு பழைய வெட்டுத் தழும்பில் நின்றது.

"இது அவனுக்க கொம்புல்லா!"

ஆமாம், ராஜையனுடைய கொம்புதான். மலையில் சாலை போட்ட காலத்தில் காட்டெருமைக் கொம்பு ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ராஜையன் அதன் நுனியை அறுத்துத் துளை போட்டு, சந்து முழுவதும் காதைப் பொத்துகிற மாதிரி ஊதித் திரிந்தான். அவன் வளர்ந்தபின் அது சுவரில் ஏறியது. கொம்பில் சீப்பும் கைத்தடிப் பிடியும் பொடி டப்பியும் செய்கிற கடையில் எலிசாள் அதைக் கொடுத்து, அனலில் வாட்டி, வாயை அகலப்படுத்தி, காதுக்கு வைத்துக் கேட்கிற கருவியாக மாற்றி வாங்கியிருந்தாள்.

அவள் நுனியை அவர் காதில் வைத்தாள். குனிந்து அகன்ற பக்கத்தில் வாயை வைத்தாள்.

"மாமா. நான் எலிசாள். கேக்குதா?"

கிழவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் காது போன பிறகுதான் எலிசாள் அந்த வீட்டில் வாழ வந்தவள்.

"இதுவா உனக்க சத்தம்? நான் கனத்த சத்தமாக்கும்னுல்லா நெனச்சிருந்தேன். சின்னப்பிள்ளை மாதிரி இருக்கே மக்கா." அவர் கண் நிறைந்துவிட்டது. "இன்னும் பேசு. என்னத்தையாவது பேசு."

எலிசாள் சிரித்தாள். அரிசி விலை, அடுத்த வீட்டுப் பூனை, கடைக்காரன் கொம்பை வாட்டியபோது தலைமுடி பொசுங்குகிற நாற்றம் அடித்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"செல்லபாய், நீ வா."

செல்லபாய் வந்தாள். கொம்பின் வாய் அவளுக்கு நேராகத் திரும்பியது. உள்ளே கறுப்பாக, ஆழமாக, எதையோ கேட்கத் தயாராக இருந்தது அது.

அவளுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் இந்த அப்பாவிடம் அவள் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தாள். எலிசாள் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போகிற நாட்களில், அவர் கால்நகத்தை வெட்டிக்கொண்டே, அவர் முகத்துக்கு நேராகச் சொல்வாள். "ராஜையன் செத்துப் போனான் அப்பா. மலையில புதைச்சாச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியும்." அவர் சிரித்தபடி, "கட்டைவிரல்ல கூடுதல் வெட்டாதே மக்களே" என்பார். அப்படிச் சொல்லாமல் இருந்தால் அவள் வெடித்திருப்பாள்.

"காப்பிக்குச் சீனி போதுமா இருந்துதா அப்பா?" என்றாள் கொம்புக்குள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்க சத்தம் இப்படி இல்லையே. என்னமோ ஆயிட்டுது உனக்கு."

* * *

வெயில் ஏற ஏற அவர் கொம்பைக் கீழே வைக்கவில்லை. பேச ஆளில்லாதபோதும் காதிலிருந்து எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தைப் பார்த்தபடி, வெறும் காற்றை நோக்கிக் கொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வீட்டு மலையாளத்துக்காரி ஓமனா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டாள்.

"கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! அப்பாவுக்கு இனி எல்லாம் கேக்கும், அல்லே?" கொம்பை உற்றுப் பார்த்தவள் கொஞ்சம் பின்வாங்கினாள். "காட்டுப்போத்துக்க கொம்பா இது? எங்க வீட்டிலன்னா உள்ள வைக்கச் சம்மதிக்க மாட்டா. செத்ததுக்க ஜீவன் அதுக்குள்ள கிடக்கும் கேட்டோ."

"சும்மா இரிங்க ஓமனா அக்கா" என்றாள் எலிசாள். "அதுக்குள்ள மாமாவுக்க பேரன் பேத்தி சத்தம்தான் கேக்கணும். அவரு வந்து சேரட்டும்."

ஞானசிகாமணி கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

"யாரோ மூச்சு வாங்குதான்."

எலிசாள் கொம்பருகே குனிந்தாள். "யாரு மாமா? நானா?"

"நீ இல்லே. தள்ளிப் போ." அவள் தள்ளிப் போனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆம்பிளைக்க மூச்சு. மேடு ஏறுத மூச்சு. எத்தனை கூலிக்காரனை மலையில ஏத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இவன் சுமடு தூக்கல்லே. வெறுங்கையோட ஏறுதான். நிக்குதான். பின்னயும் ஏறுதான்."

அடுக்களை வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செல்லபாயின் விரல்கள் அப்படியே நின்றன.

கோயில் வளவில் திரவியம் சொன்ன வார்த்தைகள் அவளுக்கு மறக்கவில்லை. 'முழுக்க ஏத்தம் டீச்சர். கையில ஒண்ணுமில்லே. பெட்டி, பாத்திரம் எல்லாத்தையும் வழியில போட்டாச்சு. வெறுங்கையோட ஏறினோம்.' நகம் வெட்டும்போதுகூட அப்பாவிடம் அவள் மேட்டைப் பற்றிச் சொன்னதில்லை. வெறுங்கையைப் பற்றிச் சொன்னதில்லை. அது அவளுக்குத் தெரியும், திரவியத்துக்குத் தெரியும். செத்துப்போனவனுக்குத் தெரியும்.

"அது அவரு ஊதின கொம்புல்லா. அவருக்க மூச்சு ஒட்டிக் கிடக்கும்" என்று எலிசாள் சிரித்தாள். அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. தன் கணவன் எங்கோ நடந்து வந்துகொண்டிருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அது போதும்.

"செல்லபாய், நீயும் கேளு மக்கா" என்று கிழவர் கொம்பை நீட்டினார்.

செல்லபாய் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே இருட்டு. அம்மிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவள் மூச்சே அவளுக்கு இரைந்தது. யாரோ தன் பின்னால் நின்று அதே தாளத்தில் மூச்சு விடுவதாகத் தோன்றியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. படித்தவள், பைபிள் வகுப்பு எடுக்கிறவள், இதற்கெல்லாம் பயப்படலாமா என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் திரும்பவில்லை.

* * *

சனிக்கிழமைதோறும் மதியத்துக்குப் பிறகு திரவியம் வருவான். மெலிந்த ஆள். பர்மாவிலிருந்து நடந்த நடையில் ஒரு கால் சற்று இழுக்கும். கருப்பட்டியோ கிழங்கோ கொஞ்சம் கொண்டுவருவான். பெரியவரைப் பார்ப்பான், எலிசாளிடம் "தகவல் ஏதாவது வரும்" என்பான், பிறகு முருங்கை மரத்தடியில் செல்லபாயோடு நின்று கொஞ்ச நேரம் பேசுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டுவாள். தம்பியின் சாவைச் சுமந்து வந்தவனுக்காகவா என்று எண்ணும்போது நெஞ்சு கூசும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் கட்டுவாள். இந்த இரகசியம் உடைந்தால் அவன் வருவதற்கும் ஒரு காரணம் இல்லாமல் போகும் என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இன்றைக்கு அவன் வாசலுக்கு வருவதற்குள் முந்திக்கொண்டு, அவனை வீட்டின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனாள்.

உள்ளே கிழவர் நாற்காலியிலேயே கண் அயர்ந்திருந்தார். கொம்பு மடியில் கிடந்தது. எலிசாள் சத்தமில்லாமல் அதை எடுத்தாள். அந்த மூச்சைத் தானும் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்கு ஆசை. நுனி இன்னும் சூடாக இருந்தது, உயிருள்ள ஒன்றைத் தொடுகிற மாதிரி.

காதில் வைத்தாள். முதலில் சங்கில் கேட்கிற மாதிரி ஓர் இரைச்சல். கொம்பை டார்ச் விளக்குபோல மெல்லத் திருப்பினாள். ஓட்டின் மேல் காக்கை நகம் உரசுவது கேட்டது. ஓமனா வீட்டில் உலக்கை விழுவது கேட்டது. பக்கவாட்டு ஜன்னல் பக்கம் திருப்பியபோது முணுமுணுப்பு. மைனியின் குரல். திரவியத்தின் குரல்.

எலிசாள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவளுக்கு இந்த இரண்டு பேர் மீதும் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் உண்டு. நல்ல சந்தேகம். ராஜையன் வந்ததும் இதை அவனிடம் சொல்லி, மைனிக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் இன்னும் நன்றாகக் கொம்பை நீட்டினாள்.

"இனி இங்க வராண்டாம். அப்பாவுக்குக் கேக்குது."

"எல்லாமா கேக்குது டீச்சர்?"

"ராஜையனுக்க மூச்சு கேக்குதாம். மேடு ஏறுதானாம், வெறுங்கையோட ஏறுதானாம்."

திரவியத்தின் குரல் கொம்புக்குள்ளேயும் நடுங்கியது. "நீங்க சொன்னியளா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? எனக்குப் பயமா இருக்கு. நீங்கதானே உங்க கையால மண்ணு போட்டேன்னு சொன்னிய. புதைச்சவனுக்கு எங்கேயிருந்து மூச்சு?"

எலிசாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கொம்பைக் காதிலிருந்து இறக்கினாள். இறக்கியதும் வெளியே ஒன்றுமே கேட்கவில்லை. முருங்கை இலை அசைந்தது. இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க."

செல்லபாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்ததைத்தான் பார்த்தாள். பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"எலிசா, நான்..."

"மாமாகிட்ட யாரு சொல்லப் போறிய? அதை மட்டும் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குள் வண்டி நுழைந்தது. ஓடுகள் அதிர்ந்தன. தரையின் அதிர்ச்சி காலில் ஏறி ஞானசிகாமணி விழித்துக்கொண்டார். எதிரே மூன்று முகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை நீட்டி எலிசாளிடமிருந்து கொம்பை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சொல்லுங்க."

எலிசாள் திரவியத்தின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். அந்தக் கொம்பில் பேச வேண்டுமானால் கிழவரின் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வர வேண்டும். கண்ணை வேறு எங்கேயும் வைக்க முடியாது.

"ஐயா... ராஜையன் செத்துப் போயிட்டான்."

கிழவர் கொம்பைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எங்க வச்சு?"

"மலைப்பாதையில. பர்மா எல்லைக்கு இங்கிட்டு. காய்ச்சல்."

"பொறவு?"

"அடக்கம் பண்ணினேன் ஐயா. ஜெபம் பண்ணி, நானே..."

"எதை வச்சுத் தோண்டினே?"

திரவியம் தன் கைகளைப் பார்த்தான்.

"கேக்குதேன்ல. மலைச்சரிவுல மேல்மண்ணு ஒரு சாணு இருந்தா பெரிசு. அதுக்குக் கீழ வேரும் பாறையும்தான். ஒரு ஆளைக் கிடத்துத அளவுக்கு ஒருத்தனா எப்படி வெட்டினே? மம்பட்டி வச்சிருந்தியா? கடப்பாரை வச்சிருந்தியா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வேலையாளிடம் மேஸ்திரி கேட்கிற மாதிரித்தான் கேட்டார். மகனின் குழியையாவது ஒழுங்காக வெட்டினார்களா என்று தெரிந்துகொள்ள நினைத்தார் போலும்.

பதில் செல்லபாயிடமிருந்து வந்தது. கிழவருக்கு அது கேட்காது.

"கையில ஒண்ணுமில்லேன்னுல்லா சொன்னிய" என்றாள் மெதுவாக. "எல்லாத்தையும் வழியில போட்டாச்சுன்னு சொன்னியளே."

திரவியம் கொம்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விழுந்துவிடாமல் இருக்கப் பிடிப்பவன் மாதிரி. அவன் பேசியது கொம்புக்குள் பேசிய பேச்சுத்தான். ஆனால் மூன்று பேருக்கும் கேட்டது.

"தோண்டல்லே ஐயா. நான் தோண்டல்லே. அவனால ஏற முடியல்லே. உடம்பு அனலா கொதிச்சுது. கூட வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. நின்னா நானும் அங்கேயே கெடப்பேன்னு தெரிஞ்சுது. ஒரு மரத்துல சாய்ச்சு வச்சேன். தண்ணி கேட்டான். எடுத்துட்டு வாறேன்னு சொன்னேன். சொல்லிட்டு நடந்தேன். திரும்பிப் பாக்கல்லே."

"அப்ப மூச்சு இருந்துதா?" என்று கேட்டது எலிசாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் கிழவரிடமிருந்து தப்பிவிடலாம். அவளிடமிருந்து முடியாது.

"இருந்துது."

ஞானசிகாமணி கொம்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திரவியம் தரையில் குறுகி உட்கார்ந்து அழுதான். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை.

கடைசியில் கிழவர், "எழும்பு" என்றார். "போயிட்டு நாளைக்குச் சாயங்காலம் வா. அந்தப் பாதையை எனக்கு முழுக்கச் சொல்லணும். எந்த வளைவு, எந்த மரம், பக்கத்துல ஓடை இருந்துதா. ஒண்ணு விடாமச் சொல்லணும். வருவியா?"

திரவியம் தலையை ஆட்டினான். காலை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். அவன் கொண்டுவந்த கருப்பட்டிப் பொட்டலம் முருங்கை மரத்தடியிலேயே கிடந்தது. செல்லபாய் அவன் பின்னால் வாசல்வரை போகவில்லை. இனி அவன் எத்தனை முறை வந்தாலும், தம்பிக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்த கால்கள்தான் அவளுக்குத் தெரியும்.

* * *

விளக்கு வைக்கிற நேரம். அடுக்களையில் செல்லபாய் அடுப்பை மூட்டாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எலிசாள் உள்ளே வந்து அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிரு பிள்ளே. இப்படி இருக்காதே."

எலிசாள் தண்ணீரை வடித்தாள். மறுபடி ஊற்றினாள்.

"கிறிஸ்மஸுக்கு நான் அவருக்குச் சட்டை தச்சேன்லா மைனி."

"எலிசா..."

"அளவு சரியா இருக்குமான்னு உங்ககிட்டத்தான் கொண்டுவந்து காட்டினேன். கையில எடுத்து விரிச்சுப் பாத்திய. 'நடந்து மெலிஞ்சிருப்பான், தோளை ரெண்டு விரக்கடை குறை'ன்னு சொன்னிய." அவள் குரல் உயரவில்லை. "செத்துப்போனவருக்குத் தோளைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துது?"

செல்லபாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அந்தச் சட்டையை விரித்தபோது தன் மனதில் ராஜையன் உயிரோடுதான் இருந்தான் என்று அவள் எப்படிச் சொல்வாள்? சில நாள் அந்தப் பொய்யை அவளே நம்பிவிடுவாள். எலிசாளின் சந்தோஷத்தில் தானும் கொஞ்சம் குளிர் காய்ந்துகொள்வாள். அது உண்மைதான். ஆனால் எலிசாளிடம் சொல்லக்கூடிய உண்மை அல்ல.

"உனக்காகத்தான்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா நீ உங்க வீட்டுக்குப் போயிருவே. அப்பாவும் நானும் மட்டும் இந்த வீட்டுல. எனக்கு அது முடியல்லே."

எலிசாள் அவளைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் கண் கலங்கியது. ஆனால் பக்கத்தில் வரவில்லை. உலையை அடுப்பில் ஏற்றினாள்.

உள்ளேயிருந்து கிழவர் கூப்பிட்டார். இரண்டு பேரையும்.

விளக்கு வெளிச்சத்தில் அவர் ஒரே நாளில் மெலிந்துவிட்ட மாதிரி இருந்தது. மடியில் கொம்பு. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாத காது கேளாதவர்களின் உரத்த குரலில் பேசினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆராதனைக்கு முன்னால போதகர் ஐயாகிட்டச் சொல்லணும். அவரு சபையில வச்சு ஜெபிப்பாரு. என்னத்துக்கு ஜெபிக்கச் சொல்ல? மரிச்சவனுக்க குடும்பத்துக்கா? காணாமப் போனவனுக்கா?"

அந்தக் கேள்வி அறையின் நடுவில் நின்றது. ஒன்றைச் சொன்னால் எலிசாள் நாளை கைம்பெண். அவளுடைய அப்பா வந்து அழைத்துப் போவார். வயது இருக்கிறது, வேறு வாழ்க்கைக்கும் வழி பார்ப்பார். மற்றதைச் சொன்னால் அவள் மனைவி. எத்தனை வருஷமானாலும் ஒரு மரத்தடியில் தண்ணீருக்குக் காத்திருக்கிறவனின் மனைவி.

"அவன் எனக்க மகன்" என்றார் ஞானசிகாமணி. "இவளுக்குத் தம்பி. ஆனா இதை நாங்க முடிவு பண்ணக் கூடாது. நீதான் மக்கா சொல்லணும். நீ என்ன சொன்னாலும் நான் அதைத்தான் ஐயாகிட்டச் சொல்லுவேன்."

அவர் கொம்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

எலிசாள் அவர் காலடியில் உட்கார்ந்தாள். கொம்பின் வாயை இரண்டு கையாலும் மூடுகிற மாதிரிப் பிடித்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் அசைவது மட்டும் தெரிந்தது. சத்தம் வெளியே வரவில்லை. ஒரு வாக்கியமோ இரண்டோ, அவ்வளவுதான்.

கிழவரின் கண்கள் மூடின. பிறகு திறந்தன. அவர் எலிசாளின் தலையில் கை வைத்து, "செரி மக்களே" என்றார்.

வாசற்படியில் நின்ற செல்லபாய்க்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னா அப்பா?" என்றாள்.

அவர் கொம்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். எலிசாளிடம் கேட்கலாம் என்றால், அவள் எழுந்து உலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள். செல்லபாயின் தோளை உரசாமல் ஒதுங்கிப் போனாள்.

"அப்பா" என்று செல்லபாய் உரக்கக் கூப்பிட்டாள். "அவ என்ன சொன்னா?"

ஞானசிகாமணி அவள் வாய் அசைவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொம்பைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.